கிமி நி தொடோகே: பேய்னு பேர் வாங்கின பொண்ணோட லவ் ஸ்டோரி

[திரையில்: வகுப்பறை. முகத்த மறைக்கிற நீளமான கறுப்பு முடியோட தனியா ஒரு பொண்ணு.]

வணக்கம் மக்களே. இந்தப் பொண்ணோட கண்ண மூணு செகண்டு பாத்துட்டா சாபம் புடிச்சுக்குமாம். கிளாஸ்ல பாதிப் பேர் இத நிஜம்னே நம்புறாங்க. இவ பேரு சவாகோ குரோனுமா. ஆனா எல்லாரும் கூப்பிடுறது சதாகோன்னுதான். 1998ல வந்த 'ரிங்' படத்துல டிவிக்குள்ளேருந்து ஊர்ந்து வெளிய வருமே, அந்தப் பேயோட பேரு.

இன்னைக்கு நாம பாக்கப்போற அனிமே, அதாவது ஜப்பான் அனிமேஷன் தொடர், 'கிமி நி தொடோகே'. கருஹோ ஷீனா எழுதி வரைஞ்ச மங்கா, அதாவது ஜப்பான் காமிக்ஸ், மொத்தம் 30 வால்யூம், 2008ல கோதன்ஷா மங்கா விருது வாங்கினது. அத புரொடக்‌ஷன் ஐ.ஜி. ஸ்டூடியோ 2009ல அனிமேவா எடுத்தாங்க. இயக்கம் ஹிரோ கபுராகி. சவாகோவுக்குக் குரல் குடுத்தவங்க மமிகோ நோத்தோ. இதே நோத்தோதான் அதுக்கு முன்னாடி 'ஹெல் கேர்ள்'ல ஆளுங்கள நரகத்துக்கு அனுப்புற பொண்ணுக்கும் குரல் குடுத்தாங்க. யாரு யோசிச்சாங்களோ, செம காஸ்டிங்.

[திரையில்: சவாகோ சிரிக்க முயற்சி பண்ற க்ளோஸப்.]

சரி, இந்தப் பொண்ணுகிட்ட என்னதான் பிரச்சன? சிரிக்க வராது. சந்தோஷமா சிரிக்கணும்னு நினைப்பா, மூஞ்சி விறைச்சுப்போயி எதிர்ல இருக்கிறவன் ஓடிருவான். அவ்ளோதான். மத்தபடி தினமும் ஒரு நல்ல காரியமாவது பண்ணிடணும்னு இருக்கிற ஆளு. செடிக்குத் தண்ணி ஊத்துறது, யாரும் செய்யாம விட்ட வேலைய எடுத்துச் செய்யறது, எல்லாம் அவதான்.

இங்க எனக்கு ரொம்பப் புடிச்ச ஒரு விஷயம் இருக்கு. பேய் எல்லாம் தெரியுமான்னு கேக்குறவங்க மேல இவளுக்குக் கோவமே வராது. 'ஐயோ, எனக்கு அந்த சக்தி இல்லையே, ஏமாத்திட்டேனே'ன்னு வருத்தப்படுவா! லீவுக்கு முன்னாடி கிளாஸ்ல இருட்டுல நடந்து பயத்த சோதிக்கிற விளையாட்டு வைக்கிறாங்க. பேயா நிக்க ஆள் வேணும். சவாகோ தானாவே முன்வர்றா. நாமளும் உபயோகமா இருக்கோம்னு அவ்ளோ குஷி. அந்தச் சீன்ல சிரிப்பும் வரும், ஒரு மாதிரி தொண்டையும் அடைக்கும்.

[திரையில்: செர்ரிப் பூ உதிருது. ஷோட்டா கசேஹாயா திரும்பிப் பாக்குறான்.]

ஹீரோ கசேஹாயா. கிளாஸ்ல எல்லாருக்கும் புடிச்ச பையன். பள்ளிக்கூடம் சேர்ற அன்னைக்கு வழி தெரியாம நின்னவனுக்கு இவதான் வழி காட்டினா, அப்ப ஒரே ஒரு தடவ இயல்பா சிரிச்சா. பையன் அங்கயே காலி. ஒரு சின்ன டவுட்டு: கதை நடக்குறது ஜப்பானோட வடக்குக் கோடில, குளிரான ஹொக்கைடோல. அங்க செர்ரி பூக்கவே ஏப்ரல் கடைசி ஆயிடும், ஸ்கூல் சேர்றது ஏப்ரல் ஆரம்பத்துல. லவ் ஸ்டோரிங்க, கண்டுக்கக் கூடாது.

இவன் வந்து அவள மாத்திட்டான், அழகாக்கிட்டான்னு கதை போயிருந்தா நான் ரெண்டாவது எபிசோடுலயே மூடியிருப்பேன். கசேஹாயா செய்யறது ரொம்பச் சின்னது. எல்லார்கிட்டயும் பேசுற மாதிரியே இவகிட்டயும் பேசுறான், இவளுக்குப் பதில் சொல்ல நேரம் குடுக்குறான். சீட் மாத்துற நாள் பாருங்க. சவாகோ பக்கத்துல உக்கார யாருக்கும் மனசில்ல. அந்த மௌனத்துல இவன் வந்து பக்கத்துல உக்கார்றான். பின்னாடியே கிளாஸ்ல இருக்கிற சிசுரு, அயானேங்கிற ரெண்டு பொண்ணுங்களும், ரியூங்கிற பையனும் வந்து சுத்தி உக்கார்றாங்க. டயலாக்னு பெருசா ஒண்ணும் கிடையாது.

ஆக்சுவலா முதல் சீசனோட உயிரே சிசுரு, அயானேதான். ஸ்கூல்ல ஒரு வதந்தி கிளம்புது: சிசுரு ரவுடி, அயானே நடத்த சரியில்ல, இதச் சொன்னது சவாகோன்னு. சவாகோ என்ன பண்றா? என்கூட இருந்தா அவங்க பேரு கெட்டுடும்னு ஒதுங்குறா. அவங்க ரெண்டு பேருக்கும் அது வேற மாதிரி படுது, நம்மள இவளுக்குப் புடிக்கலயோன்னு.

[திரையில்: பொண்ணுங்க பாத்ரூம். சவாகோவச் சுத்தி மத்த பொண்ணுங்க.]

அப்புறம் இந்தச் சீன். பாத்ரூம்ல சில பொண்ணுங்க அந்த ரெண்டு பேரப் பத்தியும் தப்பாப் பேசுறாங்க. தன்னச் சொன்னப்ப ஒரு வார்த்த பேசாத பொண்ணு, இப்ப நேரா போயி 'சொன்னத வாபஸ் வாங்குங்க'ன்னு நிக்குறா. தள்ளி விடுறாங்க, நகரல. இவளுக்குத் தைரியம் எப்பவும் இருந்துது. நம்மளயும் ஒருத்தருக்குப் புடிக்கும்ங்கிறதுதான் அவ கணக்குலயே இல்ல. காதல் இவ்வளவு லேட்டா வர்றதுக்கும் அதான் காரணம். நாங்க ஃப்ரெண்ட்ஸ்தானான்னே சந்தேகம் இருக்கிறவகிட்ட ஒருத்தன் லவ் பண்றேன்னு சொன்னா, அது அவ காதுல எப்படி விழும்?

வில்லி குருமி. பொம்ம மாதிரி முகம், மிடில் ஸ்கூல்லேருந்தே கசேஹாயா மேல ஆச. சவாகோகிட்ட நல்லவளாப் பழகி, 'எனக்கு ஹெல்ப் பண்ணு'ன்னு கேக்குறா. எதுக்கும் முடியாதுன்னு சொல்லாத சவாகோ இதுக்கு மட்டும் முடியாதுன்னு சொல்லிடுறா. அந்த நிமிஷம்தான் தன் மனசுல என்ன இருக்குன்னு அவளுக்கே லேசாப் புரிய ஆரம்பிக்குது. குருமி அழும்போது அவ மேலயும் பாவம் வரும். அத எழுதினதுக்கே ஷீனாவுக்கு ஒரு சலாம்.

[திரையில்: பனி. புது வருஷ ராத்திரி.]

முதல் சீசன் டிசம்பர் 31 கிட்ட வந்து நிக்குது. அது சவாகோ பிறந்தநாள். ரெண்டு பேரும் கோயிலுக்குப் போறாங்க. இதுக்கு மேல நான் சொல்ல மாட்டேன், பாத்துக்கோங்க.

2011ல வந்த ரெண்டாவது சீசன் பத்தி உண்மையச் சொல்லணும்னா, இழுவ. வேலன்டைன்ஸ் டேக்குச் செஞ்ச சாக்லேட்ட சவாகோ கசேஹாயாகிட்டக் குடுக்காம விட்டதுலேருந்து ஒரே தப்பர்த்தம். ஒரு போன் போட்டிருந்தா பத்து நிமிஷத்துல முடிஞ்சிருக்கும். நடுவுல கென்டோன்னு ஒருத்தன் வேற, உதவி பண்றேன்னு வந்து ஊதிக் கெடுக்குறான். ஆனா ஸ்கூல் விழா எபிசோடுக்காகப் பொறுத்துக்கலாம்.

மூணாவது சீசன் வர 13 வருஷம் ஆச்சு. 2024 ஆகஸ்ட்ல நெட்ஃபிளிக்ஸ்ல இறங்குச்சு, அஞ்சே எபிசோடு, ஒவ்வொண்ணும் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். லவ்வச் சொன்னதுக்கு அப்புறம் கையப் புடிக்கலாமா வேணாமான்னு தவிக்கிற கதை அது. சிசுரு, ரியூ கதையும் அதுலதான் நகருது. அத தனி வீடியோவாப் போடுறேன், அதுக்குள்ள முதல் சீசன முடிச்சுட்டு வாங்க.