நிதியுதவி வேண்டுமா என்ற கேள்விக்கு உண்மையைச் சொல்லுங்கள்

(வெளிநாட்டு உயர்கல்வி பற்றி மேல்நிலை வகுப்பு மாணவர்களும் பெற்றோரும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களுக்கும் பெற்றோர்களுக்கும் மாணவச் செல்வங்களுக்கும் என் வணக்கம்.

அமெரிக்கப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் ஒரு கேள்வி வரும். நிதியுதவி கோருகிறீர்களா? ஆம், இல்லை என்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விண்ணப்பக் கட்டுரைக்காகப் பல வாரம் கண் விழிக்கிற பிள்ளைகள் இந்தக் கேள்வியை ஒரு நொடியில் கடந்துவிடுகிறார்கள். "இல்லை என்று போடு, இடம் கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று யாரோ சொல்லியிருப்பார்கள். நான் இன்று பேச வந்தது இந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான். இங்கிருக்கும் பிள்ளைகளில் பலருடைய நான்கு ஆண்டுகள் இதற்குச் சொல்லும் பதிலில் அடங்கியிருக்கின்றன.

விலையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹார்வர்ட், யேல், ஸ்டான்ஃபோர்ட் போன்ற தனியார் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் படிப்புக்குக் கல்விக் கட்டணம், விடுதி, சாப்பாடு, புத்தகம் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 85 ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும். நம் பணத்தில் ஏறத்தாழ 75 லட்சம் ரூபாய். நான்கு ஆண்டுக்கு 3 கோடி. பள்ளி ஆசிரியரின் மகளோ பஸ் நடத்துநரின் மகனோ இந்த எண்ணைப் பார்த்தவுடன் கணினியை மூடிவிட்டு எழுந்து போவது இயல்பு. அங்கேதான் நான் தடுத்து நிறுத்த விரும்புகிறேன். அது விளம்பரப் பலகை விலை. ஹார்வர்டின் இளநிலை மாணவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் நிதியுதவி பெறுகிறார்கள். 2025 மார்ச்சில் அந்தப் பல்கலைக்கழகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. வழக்கமான அளவு சொத்துள்ள குடும்பத்தின் ஆண்டு வருமானம் 2 லட்சம் டாலர் வரை இருந்தால் கல்விக் கட்டணம் இல்லை. 1 லட்சம் டாலர் வரை இருந்தால் விடுதியும் உணவும்கூட இலவசம். மாணவர் எந்த நாட்டவராக இருந்தாலும் அங்கே நிதியுதவிக் கொள்கை ஒன்றுதான். 1 லட்சம் டாலர் என்பது ஏறத்தாழ 88 லட்சம் ரூபாய். கணவன், மனைவி இருவரும் அரசு வேலையில் இருக்கும் வீட்டிலும் அவ்வளவு வருமானம் வருவது அரிது.

அப்படியானால் பணம் எங்கிருந்து வருகிறது? அமெரிக்க அரசிடமிருந்து வராது. அரசு உதவிக்காக அங்குள்ள குடும்பங்கள் நிரப்பும் ஃபாஃப்சா படிவமும், வருமானம் குறைந்த மாணவருக்கு அந்த அரசு தரும் பெல் உதவித்தொகையும் அமெரிக்கக் குடிமக்களுக்கும் அந்த நாட்டில் நிரந்தரமாகக் குடியேறியவர்களுக்கும் உரியவை. நம் பிள்ளைகளுக்கு வருவது கல்லூரியின் சொந்தப் பணம், பல தலைமுறைகளாக நன்கொடையாளர்கள் கொடுத்துச் சேர்த்த மூலநிதியின் வருவாய். ஹார்வர்டிடம் இப்படி 5,000 கோடி டாலருக்கும் மேல் இருக்கிறது.

இந்தப் பணத்தைக் கேட்பதை ஏதோ கை நீட்டுவதாக நினைத்துக் கூசுகிற தந்தையர் பலரைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு ஒரு பழைய கதையைச் சொல்வேன். சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் 1687 முதல் 1692 வரை ஆளுநராக இருந்தவர் எலிஹு யேல். ஊழல் குற்றச்சாட்டில் பதவி பறிக்கப்பட்டவர். அவர் பதவியில் இருந்த காலத்தில் மதராஸ் துறைமுகத்தில் அடிமை வணிகம் நடந்தது. இங்கே சேர்த்த பெருஞ்செல்வத்தோடு இங்கிலாந்து திரும்பிய அவர், 1718-ல் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் தள்ளாடிக்கொண்டிருந்த ஒரு சிறு கல்லூரிக்கு 417 புத்தகங்களையும், மன்னர் முதலாம் ஜார்ஜின் ஓவியத்தையும், ஒன்பது பொதி சரக்கையும் அனுப்பினார். சரக்கில் மஸ்லின், காலிகோ என்ற பருத்தித் துணிகளும் இருந்தன. அவை 562 பவுண்டுக்கு விற்றன. அந்தக் கல்லூரிதான் நன்றியோடு அவர் பெயரைச் சூட்டிக்கொண்டது. மதராஸில் ஈட்டிய செல்வத்தால் பெயர் பெற்ற பல்கலைக்கழகத்திடம் தமிழ்நாட்டுப் பிள்ளை உதவி கேட்பதில் கூச்சப்பட என்ன இருக்கிறது?

இனி முக்கியமான பகுதிக்கு வருகிறேன். அரசுப் பணம் இல்லை என்பதால், எல்லாமே அந்தந்தக் கல்லூரியின் கொள்கையைப் பொறுத்தது. தரவரிசைப் பட்டியலைப் பார்த்துக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கிறோம். கொள்கையைப் பார்ப்பதே இல்லை.

வெளிநாட்டு மாணவர் பணம் கேட்கிறாரா என்பதைப் பார்க்காமலே சேர்க்கையை முடிவு செய்து, சேர்த்த பிறகு குடும்பத்தால் கட்ட முடியாத முழுத் தொகையையும் கொடுக்கும் கல்லூரிகள் சில உண்டு. இந்த முறைக்கு நீடு-பிளைண்ட் என்று பெயர். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், மாசசூசெட்ஸ் எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட் ஆகியவை பல ஆண்டுகளாக இப்படி நடத்துகின்றன. டார்ட்மத், போடன் இரண்டும் 2022-ல் அறிவித்தன. பிரவுனும் நோட்ர டேமும் 2025-ல் சேர்ந்த மாணவர்களிலிருந்து தொடங்கின. இன்னும் ஓரிரண்டு கல்லூரிகளைச் சேர்க்கலாம். அமெரிக்காவின் ஆயிரக்கணக்கான கல்லூரிகளில் வெளிநாட்டு மாணவருக்கு இப்படிக் கதவு திறந்திருப்பது இவ்வளவுதான். இந்தப் பட்டியலும் நிலையானது இல்லை. டார்ட்மத் முன்பு ஒருமுறை இந்தக் கொள்கையை ஏற்றுப் பிறகு கைவிட்டு, மீண்டும் ஏற்றிருக்கிறது. வில்லியம்ஸ் கல்லூரி 2008 நிதி நெருக்கடிக்குப் பின் கைவிட்டது. ஆகவே அண்டை வீட்டு அண்ணன் நான்கு ஆண்டுக்கு முன் சொன்னதை நம்பாமல், கல்லூரியின் இணையதளத்தில் வெளிநாட்டு மாணவர்களுக்கான பக்கத்தை இந்த ஆண்டு படியுங்கள். அமெரிக்க மாணவர்களுக்கான பக்கத்தைப் படித்துவிட்டு ஏமாறுபவர்கள் ஏராளம்.

ஆம்ஹர்ஸ்ட், போடன் என்ற பெயர்களைச் சொன்னதும் இங்கே பலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறீர்கள். ஒவ்வொன்றிலும் 2,000 மாணவர்கள்கூட இல்லாத கல்லூரிகள் அவை. பொறியியல் துறை கிடையாது. திருமண வீட்டில் சொன்னால் உறவினர்கள் அது எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். கேட்கட்டும். பேராசிரியர் ஒவ்வொரு மாணவரையும் பெயர் சொல்லி அழைக்கும் வகுப்பறை, ஒரு ரூபாய் கடன் இல்லாத பட்டம் இரண்டும் கிடைக்கும்போது உறவினர் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்லிக்கொள்ளலாம்.

அடுத்த வகைதான் சிக்கலானது. ஸ்டான்ஃபோர்ட், கொலம்பியா, கார்னெல், பென்சில்வேனியா, டியூக், சிகாகோ போன்றவை. இவற்றிலும் சேர்த்துக்கொண்ட மாணவருக்கு முழுத் தேவையையும் கொடுப்பார்கள். ஆனால் வெளிநாட்டவரைச் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும்போது, இவருக்கு எவ்வளவு செலவாகும் என்பதையும் எடை போடுவார்கள். பணம் கேட்டால் வாய்ப்பு குறையும். இதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. ஆலோசகர்கள் 'இல்லை என்று போடு' என்பதற்கு மூலகாரணம் இதுதான். அவர்கள் சொல்லாமல் விடும் பாதி ஒன்று உண்டு. ஸ்டான்ஃபோர்டில் சேர்க்கையின்போது உதவி கேட்காத வெளிநாட்டு மாணவர், பிறகு நான்கு ஆண்டுகளிலும் கேட்க முடியாது. வேறு பல கல்லூரிகளிலும் இதுவே விதி. எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று, ஒரு தனியார் ஆலோசனை நிறுவனத்தின் பேச்சைக் கேட்டு 'இல்லை' என்று போட்டது. முதல் ஆண்டுக்கு நிலம் போனது. இரண்டாம் ஆண்டுக்கு விற்க எதுவும் இல்லை. நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பையன் பாதியில் திரும்பினான். இடம் வாங்கிக் கொடுத்ததாக அந்த நிறுவனத்தின் சுவரில் அவன் படம் மட்டும் தொங்கியது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை.

பெர்க்லி, யு.சி.எல்.ஏ., மிச்சிகன் போன்ற அரசுப் பல்கலைக்கழகங்கள் அந்தந்த மாநில மக்களின் வரிப்பணத்தில் வளர்ந்தவை. வெளிமாநிலத்தவரிடமும் வெளிநாட்டவரிடமும் கூடுதல் கட்டணம் வாங்குகின்றன. வருமானம் பார்த்து இளநிலை மாணவருக்கு உதவுவது அங்கே மிகக் குறைவு. 'இடம் உண்டு, பணம் இல்லை' என்ற கடிதத்தோடு அழும் பிள்ளைகளை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். விண்ணப்பிக்கும் முன்பே தெரிந்துகொள்ளக்கூடிய செய்தி அது.

இன்னொரு பக்கப் பொய்யையும் சொல்லியாக வேண்டும். போலி வருமானச் சான்று, போலி வங்கிக் கணக்கு. 2024-ல் பென்சில்வேனியா மாநிலத்தின் லீஹை பல்கலைக்கழகத்தில் முழு உதவித்தொகையோடு படித்துக்கொண்டிருந்த இந்திய மாணவர் ஒருவர், தந்தை இறந்துவிட்டதாகவே போலிச் சான்று கொடுத்தது வெளியாகி, குற்றத்தை ஒப்புக்கொண்டு நாடு திரும்ப நேர்ந்தது. அவர் ஒருவரோடு அது முடியவில்லை. அடுத்த ஆண்டு உண்மையான வறுமையோடு விண்ணப்பிக்கும் பிள்ளையின் காகிதத்தையும் அதிகாரி சந்தேகக் கண்ணோடு பார்ப்பார்.

உண்மையைச் சொல்வது என்றால் என்ன என்று கேட்பீர்கள். நான் சொன்ன தனியார் கல்லூரிகளில் பெரும்பாலானவை, காலேஜ் போர்டு என்ற அமெரிக்க அமைப்பு நடத்தும் சி.எஸ்.எஸ். புரொஃபைல் என்ற நிதியுதவிப் படிவத்தைக் கேட்கும்.  சி.எஸ்.எஸ்.க்கு முதல் கல்லூரிக்கு 25 டாலர், அடுத்த ஒவ்வொன்றுக்கும் 16 டாலர் கட்டணம். கட்ட முடியாதவர்கள் கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதி விலக்கு கேட்கலாம். பல கல்லூரிகள் தருகின்றன. சில வேறு படிவத்தை ஏற்கின்றன.

அந்தப் படிவம் சம்பளத்தை மட்டும் கேட்டு நிற்காது. வீடு யார் பெயரில், என்ன மதிப்பு, வங்கியில் எவ்வளவு, கடன் எவ்வளவு, எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று தோண்டித் தோண்டிக் கேட்கும். நம் வீடுகளில் அப்பாவின் சம்பளம் பிள்ளைக்குத் தெரியாது. பல வீடுகளில் அப்பா வாங்கிய கடன் அம்மாவுக்கே தெரியாது. படிவம் நிரப்ப உட்கார்ந்த இரவில்தான் வீட்டுப் பத்திரம் அடகில் இருப்பது வெளிவருகிறது. பெற்றோர்களே, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையை இதற்காக ஒதுக்குங்கள். ஃபார்ம் 16, வருமானவரிக் கணக்கு, வங்கி அறிக்கை, நகைக்கடன் சீட்டு எல்லாவற்றையும் மேசையில் பரப்பிப் பிள்ளையோடு உட்காருங்கள். பதினேழு வயதுப் பிள்ளைக்கு உங்கள் வருமானத்தைத் தெரிந்துகொள்ளும் பக்குவம் இருக்கிறது.

வருமானவரிக் கணக்கே தாக்கல் செய்யாத விவசாயிகளும் சிறு கடைக்காரர்களும் இங்கே இருக்கிறீர்கள். அதனால் தகுதி போய்விடாது. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வட்டாட்சியர் வழங்கும் வருமானச் சான்றிதழ், வரி தாக்கல் செய்யவில்லை என்ற கையொப்பமிட்ட கடிதம், எந்தப் பயிர், எத்தனை ஏக்கர், போன ஆண்டு என்ன விளைந்தது, என்ன விலை போனது என்ற விளக்கம், இவற்றை ஆங்கில மொழிபெயர்ப்போடு அனுப்பலாம். பாட்டியின் மருத்துவச் செலவு, அக்காள் திருமணத்துக்கு வாங்கிய கடன், பூர்விக வீட்டில் மூன்று பங்காளிகளின் பங்கு, இதெல்லாம் மாசசூசெட்ஸில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்குத் தானாகத் தெரியாது. சிறப்புச் சூழ்நிலையை விளக்கப் படிவத்தில் இடம் உண்டு. அதை வெறுமையாக விடாதீர்கள்.

இடம் கிடைத்தால் நிதியுதவிக் கடிதம் வரும். அதில் எவ்வளவு மானியம், எவ்வளவு வளாக வேலை, எவ்வளவு கடன் என்று பிரித்துப் பாருங்கள். மானியம் திருப்பிக் கட்ட வேண்டாதது. வேலை என்பது பிள்ளை நூலகத்திலோ உணவகத்திலோ உழைத்துச் சம்பாதிக்க வேண்டியது. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் கல்விப் பருவம் நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரம்வரைதான் அனுமதி. குடும்பத்தின் பங்காகக் குறித்த தொகை உங்களால் முடியாதது என்றால், காரணத்தையும் ஆவணத்தையும் வைத்து மறுபரிசீலனை கேட்கலாம். பலரும் சொல்லாத ஒன்று: விடுதிக்கும் உணவுக்கும் தரும் மானியத்துக்கு அமெரிக்காவில் வருமானவரி உண்டு. வெளிநாட்டு மாணவரிடம் 14 விழுக்காடு பிடிப்பார்கள். இந்திய மாணவர்கள் இருநாட்டு வரி ஒப்பந்தத்தின் 21-ஆம் பிரிவைக் காட்டி, வரி கணக்கிடும் முன் வருமானத்தில் ஒரு தொகையைக் குறைக்கும் நிலையான கழிவைப் பெறலாம். அந்தப் பணத்தின் பெரும்பகுதி திரும்ப வரும். ஆனால் கணக்குத் தாக்கல் செய்தால்தான் வரும்.

முதுநிலைப் படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. எம்.எஸ். படிப்புக்கு இத்தகைய உதவி பெரும்பாலும் கிடையாது. முனைவர் பட்டத்துக்கு நல்ல பல்கலைக்கழகங்கள் கட்டணத்தை நீக்கி மாத ஊதியமும் தருகின்றன. ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்கள் வெளிநாட்டில் முதுநிலையும் ஆராய்ச்சியும் படிக்கத் தமிழ்நாடு அரசின் திட்டமும் இருக்கிறது. அது தனி உரைக்குரியது.

இப்போது காலம் நன்றாக இல்லை என்பதையும் மறைக்க மாட்டேன். 2025 மே இறுதியில் மாணவர் விசா நேர்காணலுக்குப் புதிதாகத் தேதி தருவதையே சில வாரம் நிறுத்தினார்கள். ஹார்வர்ட் வெளிநாட்டவரைச் சேர்க்கவே கூடாது என்று அமெரிக்க அரசு உத்தரவிட்டு, நீதிமன்றம் தடுத்தது. ஜூலையில் வந்த சட்டம், பெரும் மூலநிதி வைத்திருக்கும் பல்கலைக்கழகங்களின் முதலீட்டு வருவாய் மீது 1.4 விழுக்காடாக இருந்த வரியை 8 விழுக்காடு வரை உயர்த்தியது. நம் பிள்ளைகளுக்கு வரும் மானியத்தின் ஊற்று அந்த வருவாய்தான். போதாததற்கு, நான் முதலில் சொன்ன கல்லூரிகளில் 100 பேர் விண்ணப்பித்தால் 90-க்கு மேற்பட்டோருக்கு இடம் இல்லை. எம்.ஐ.டி.யில் வெளிநாட்டவருக்கு 100-ல் 3 பேருக்குக்கூட இல்லை. எனவே இங்குள்ள நுழைவுத் தேர்வுகளையும் கலந்தாய்வையும் விட்டுவிட்டு இதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். இரண்டையும் சேர்த்துச் செய்யுங்கள்.

ஆலோசனைக்கு லட்சக்கணக்கில் கொடுக்கவும் வேண்டாம். அமெரிக்க வெளியுறவுத் துறையின் எஜுகேஷன்-யு.எஸ்.ஏ. மையம் சென்னையில் இருக்கிறது. அங்கே அடிப்படை ஆலோசனை இலவசம். போவதற்கு முன் ஒவ்வொரு கல்லூரிக்கும் பிள்ளையே சொந்தமாக ஒரு மின்னஞ்சல் எழுதட்டும். வெளிநாட்டு மாணவர் உதவி கேட்பது சேர்க்கையைப் பாதிக்குமா? முழுத் தேவையையும் கொடுப்பீர்களா? முதல் ஆண்டில் கேட்காவிட்டால் பிறகு கேட்கலாமா? எந்த ஆவணத்தை எந்தத் தேதிக்குள் அனுப்ப வேண்டும்? பதில்கள் எழுத்தில் வந்த பிறகு பட்டியலைத் திருத்துங்கள். முன்கூட்டிய விண்ணப்பத்துக்குப் பெரும்பாலும் நவம்பர் 1, வழக்கமான விண்ணப்பத்துக்கு ஜனவரி முதல் வாரம் கடைசி நாள். நிதியுதவிப் படிவத்துக்குத் தனித் தேதி இருக்கலாம். பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைகள் இப்போதே தொடங்கினால் வருமானச் சான்றுக்கு அலையவும், பத்திரத்தைத் தேடி எடுக்கவும், மொழிபெயர்க்கவும் போதுமான நேரம் இருக்கிறது. கேள்விகள் இருந்தால் கேளுங்கள். உங்கள் வருமானம் பற்றிய கேள்வியானால், கூட்டம் முடிந்தபின் தனியாக வந்து பேசுங்கள். நான் இங்கேயே இருக்கிறேன்.