பொம்மைக்கு ஒன்றும் தெரியாது

வணக்கம் நேயர்களே. பொம்மலாட்டக்காரரைப் போய் வானொலியில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்களே என்று நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. இது புதிதல்ல. அமெரிக்காவில், உதட்டை அசைக்காமல் பொம்மையே பேசுவதுபோலக் காட்டும் வித்தைக்காரரான எட்கர் பெர்கன் என்பவர் சார்லி மெக்கார்த்தி என்ற மரப்பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு 1937 முதல் 1956 வரை வானொலியில் நிகழ்ச்சி நடத்தினார். யார் உதடு அசைகிறது என்று பார்க்க வானொலியில் யார் இருக்கிறார்கள்? பொம்மைக்கென்று தனிக் குரலும் தனிக் குணமும் இருந்தன. ஜனங்களுக்கு அது போதும்.

எனக்கு இது புரியப் பல வருடம் ஆயிற்று. ஆரம்பத்தில் கைவித்தைதான் பெரிதாகத் தெரிந்தது. வாய் திறக்கிற பொம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாகக் கையை நுழைப்பவர்கள் எல்லோரும் மேலே இருக்கும் நான்கு விரலையும் தூக்குவார்கள். பொம்மை சொல்லுக்குச் சொல் கூரையைப் பார்த்துக் கொட்டாவி விடும். நம் வாயும் அப்படியா திறக்கிறது? கீழ்த்தாடைதானே இறங்குகிறது! அதுபோலக் கட்டைவிரல்தான் இறங்கவேண்டும். கண்ணாடி முன்னால் நின்று மாதக்கணக்கில் பழகினேன். மணிக்கட்டு வலி தனிக்கதை. ஜப்பானில் புன்ராக்கு பொம்மை ஒன்றை மூன்று பேர் சேர்ந்து ஆட்டுவார்கள். காலுக்குப் பத்து வருடம், இடது கைக்குப் பத்து வருடம், அப்புறம்தான் தலையும் வலது கையும் என்று அங்கே ஒரு கணக்குச் சொல்வார்கள். அதைக் கேள்விப்பட்ட பிறகு நான் மணிக்கட்டைப் பற்றிப் புலம்புவதில்லை.

பிள்ளைகளிடம் போனபோதுதான் வித்தை காலை வாரியது. ஒரு பள்ளியில் பல் துலக்குவது பற்றி ஆடினேன். "தினமும் இரண்டு வேளை துலக்கணும், சரியா?" என்றது பொம்மை. "சரீ..." என்று இழுத்தார்கள். சற்று நேரத்தில் முன்வரிசைப் பையன் ஒருவன் திரைக்கு அடியில் கையை விட்டு என் செருப்பு வாரைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவன்மேல் தப்பில்லை. துணிக்குள் ஒளிந்துகொண்டு வந்தாலும் வாத்தியார் வாத்தியார்தானே.

அடுத்த முறை பொம்மையை ஒன்றும் தெரியாததாக ஆக்கினேன். பிரஷ்ஷை எடுத்துக் காதைக் குடைந்தது. அவ்வளவுதான், வகுப்பே எழுந்து நின்றது. "ஐயோ, காது இல்ல! வாயி, வாயி!" ஒருத்தி தன் விரலையே பிரஷ்ஷாக்கித் துலக்கிக் காட்டினாள். "பின்னாடிப் பல்ல விட்டுட்டியே" என்று இன்னொருவன் அதட்டினான். நான் சொல்ல நினைத்திருந்த அத்தனையையும் அவர்களே சொல்லி முடித்தார்கள். அன்றிலிருந்து என் பொம்மைக்கு மூன்றுக்கு அப்புறம் ஐந்துதான் வரும்.

இன்னொரு வகுப்பில் ஒரு சிறுமி. யாரிடமும் பேசமாட்டாள் என்றார்கள். இப்படிப்பட்ட குழந்தையின் முகத்துக்கு நேரே பொம்மையை நீட்டவே கூடாது. நான் பொம்மையை என் முழங்கைக்குப் பின்னால் ஒளியவைத்தேன். அவளைப் பார்க்கும், மறைந்துகொள்ளும். அவளே மெல்ல நகர்ந்து பக்கத்தில் வந்தாள். என் உதடு அசைவது நன்றாகவே தெரிந்திருக்கும்; ஆனால் என்னை ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. பொம்மையின் துணிக்காதில் வாயை வைத்து ஏதோ சொன்னாள். உள்ளே இருந்த என் விரலில் அவள் மூச்சின் சூடு மட்டும் பட்டது. பொம்மையைத் தலையாட்ட வைத்தேன்.

என்ன சொன்னாள், என்ன சொன்னாள் என்று ஆசிரியை ஓடிவந்து கேட்டார். எனக்குக் கேட்கவில்லை என்றேன்.