கான்கிரீட்டுக்குள் ஒரு கண்ணாடி இழை

வணக்கம் நேயர்களே.

பாலம் கட்டிக்கொண்டிருந்த ஓர் இடத்தில் நடந்ததை முதலில் சொல்கிறேன். உத்திரம் ஒன்றுக்குள், கான்கிரீட் எவ்வளவு நீள்கிறது என்று அளக்க ஆறு ஒளியிழைச் சென்சார்கள் வைத்திருந்தோம். கான்கிரீட் போட்டு முடித்ததும் கருவியில் இணைத்துப் பார்த்தோம், ஆறும் பேசின. மூன்றாம் நாள் சென்ட்ரிங் பலகையைக் கடப்பாரையால் நெம்பி எடுத்தார்கள். பலகையோடு சேர்ந்து நான்கு இழைகள் அறுந்து வந்துவிட்டன. கான்கிரீட்டின் முகத்தோடு ஒட்ட அறுந்திருந்ததால், பிடித்து ஒட்டவைக்க நுனிகூட இல்லை. உள்ளே சென்சார் நன்றாகத்தான் இருந்திருக்கும். அதைக் கேட்கத்தான் வழியில்லை.

வீட்டுக்கு இணையம் கொண்டுவருகிறதே, அதே கண்ணாடி இழைதான் இது. மேலுறையை உரித்துவிட்டால் தடிமன் 125 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. அதற்குள் மிக நெருக்கமான வரிகளைப் பதித்தால், வந்த ஒளியில் ஒரே ஓர் அலைநீளத்தை மட்டும் அந்த இடம் திருப்பி அனுப்பும். இழை இழுபட்டால் அந்த அலைநீளம் கொஞ்சம் நகரும். 1978-ல் கனடாவின் ஒட்டாவாவில் கென்னத் ஹில் குழுவினர் கண்ட விஷயம் இது. 1993-ல் அதே கனடாவின் கால்கரி நகரில் பெடிங்டன் டிரெயில் பாலத்துக்குள் இத்தகைய சென்சார்களை வைத்தார்கள். ஒரு மீட்டர் கான்கிரீட் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் நீண்டாலே விரிசல் விடத் தொடங்கிவிடும். அதைவிடப் பல மடங்கு சிறிய நீட்சியையும் இந்த இழை சொல்லிவிடும்.

ஆனால் அதை வைக்கிற இடம் எப்படிப்பட்டது? மேலிருந்து 20 மில்லிமீட்டர் ஜல்லி கொட்டும். வைப்ரேட்டர் ஊசி உள்ளே இறங்கிக் குலுக்கும். இவற்றையெல்லாம் தாண்டிவிட்டாலும் சிமெண்டின் அரிக்கும் காரம் இருக்கிறது. கலவையில் கை வைத்து வேலை செய்கிறவர்களின் விரல் நுனிகளைப் பாருங்கள், தோல் உரிந்து, சிவந்து, வெடித்திருக்கும். ஈரக் கான்கிரீட்டின் காரத்தன்மை, பி.எச். கணக்கில், 12.5-க்கும் மேல். அந்தக் காரம் கண்ணாடியையும் மெல்ல அரிக்கும். சாதாரண இழையின் அக்ரிலேட் என்ற பிளாஸ்டிக் உறை அதில் கெட்டுப்போகும். பாலிஇமைடு என்ற இன்னொரு பிளாஸ்டிக் உறை விறைப்பானது, அளவீட்டுக்கு நல்லது. ஆனாலும் ஈரமும் காரமும் சேர்ந்த இடத்தில் அதை மட்டும் நம்பி வருடக்கணக்கில் விட்டுவைக்க முடியாது.

சரி, கெட்டியான எஃகுக் குழாய்க்குள் போட்டுவிட்டால்? இழை பத்திரமாக இருக்கும், ஆனால் காது அடைத்துவிடும். கான்கிரீட் நீளும், உள்ளே தளர்வாகக் கிடக்கும் இழைக்கு எதுவும் தெரியாது. அதனால் குழாயின் இரண்டு முனையிலும் தட்டையான வில்லை வைத்து, இழையைச் சற்று இழுத்துப் பிடித்து முனைகளில் எபாக்ஸிப் பசையால் ஒட்டுவார்கள். கான்கிரீட் அந்த வில்லைகளைப் பற்றிக்கொள்ளும். ஒரே ஒரு சென்சாரை மட்டும் வேண்டுமென்றே தளர்வாக விடுவோம். ஒரு டிகிரி சூடு ஏறினாலே இழை இழுபட்டதுபோலக் காட்டும். தளர்ந்த இழை காட்டுவது சூட்டை மட்டும்தான், அதை மற்றவற்றின் கணக்கிலிருந்து கழித்துவிடலாம்.

எனக்குப் பிடித்தது வேறு முறை. விரல் நீள மணல்-சிமெண்ட் கட்டைக்குள் சென்சாரை முன்கூட்டியே பதித்து, காயவைத்து, சோதித்து, பிறகு கம்பிக்கூட்டில் கட்டுவது. கட்டையின் பக்கங்களைச் சொரசொரப்பாக விட்டால் புதுக் கான்கிரீட் அதைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். அதைக் கம்பியின் அடிப்பக்கம் கட்ட வேண்டும், விழுகிற ஜல்லி முதலில் கம்பியில் படட்டும். கட்டுக்கம்பியை இழைமேல் முறுக்கவே கூடாது. அப்புறம், சென்சார் இருக்கும் இடத்துக்கு நேரே பலகையில் சிவப்புப் பெயிண்ட் அடித்து, வைப்ரேட்டர் பிடிப்பவரிடம் நேரில் சொல்ல வேண்டும். வரைபடம் அவர் கைக்குப் போவதில்லை.

அடுத்த உத்திரத்தில் இழைகளைப் பலகை வழியாக வெளியே கொண்டுவரவில்லை. குழாயில் விட்டு மேல்முகத்துக்கு ஏற்றி, கான்கிரீட்டிலேயே பதித்த சிறு பெட்டிக்குள் இரண்டிரண்டு மீட்டர் சுருட்டி வைத்தோம். சென்ட்ரிங் பிரித்த அன்று காலையில் நானே போய் நின்றேன். ஐந்து பேசின. ஆறாவதில் சிவப்பு ஒளியை விட்டதும், பெட்டிக்குள் சுருளின் ஒரு வளைவில் பளிச்சென்று புள்ளி தெரிந்தது. இழை அங்கே உடைந்து ஒளி கசிந்துகொண்டிருந்தது. அந்த இடத்தை வெட்டி, மிச்ச இழையில் ஒட்டினோம். சாயங்காலம் அதுவும் பேசியது.

நன்றி, வணக்கம்.