எந்த மாதத்தில் எங்கே தண்ணீர்?

தலைவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

ஆப்பிரிக்காவின் தென்பகுதிக்கு வனவிலங்குகளைக் காணச் செல்ல நினைக்கும் நம்மவர்கள் முதலில் விசாரிப்பது, எந்தப் பூங்காவில் சிங்கம் தவறாமல் கண்ணில் படும் என்பதைத்தான். பயண நிறுவனங்களும் அதற்குத் தோதான பதிலைத் தயாராக வைத்திருக்கின்றன. ஆனால் பொட்சுவானா, ஜிம்பாப்வே, நமீபியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளைப் பொறுத்தவரை, எந்த மாதத்தில் எந்த இடத்தில் தண்ணீர் நிற்கிறது என்பதையே முதலில் கேட்க வேண்டும். சிங்கம் மானைத் தேடிப் போகிறது. மான் தண்ணீரைத் தேடிப் போகிறது. அந்தத் தண்ணீரில் ஒரு பங்கு இயற்கை தருவது, மற்றொரு பங்கு மனிதன் இறைத்து ஊற்றுவது. இதைத் தெரிந்துகொண்டு போகிறவருக்கு, அதே நீர்நிலையில் கூடுதலாகப் பல செய்திகள் புலப்படும் என்பதே இன்று நான் சொல்ல வந்தது.

பருவத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே மழைக்காலம் ஏறத்தாழ நவம்பர் முதல் மார்ச் வரை. மே முதல் அக்டோபர் வரை வறண்ட காலம். ஜூலை மாத விடியலில் திறந்த ஜீப்பில் போகும்போது குளிர் எலும்பைத் துளைக்கும். ஆப்பிரிக்கா என்றாலே வெயில் என்று எண்ணி மெல்லிய பருத்திச் சட்டையோடு போகிறவர்கள் முதல் நாளே கம்பளி தேடுவார்கள். மழைக்காலத்தில் ஒவ்வொரு பள்ளத்திலும் நீர் இருப்பதால் விலங்குகள் சிதறிப்போகின்றன, புல்லும் உயர்ந்து மறைத்துவிடுகிறது. வறட்சி முற்ற முற்ற அவை மிஞ்சிய நீர்நிலைகளில் வந்து கூடுகின்றன. செப்டம்பரில் ஒரே குட்டையில் யானையும் வரிக்குதிரையும் திரண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு, காடு எவ்வளவு செழிப்பாக இருக்கிறது என்று வியக்கிறோம். சுற்றுவட்டாரக் குட்டைகளெல்லாம் வற்றிப்போய், வேறு போக்கிடம் இல்லாமல் அவை வந்து நிற்கின்றன என்பதே உண்மை.

இந்தப் பொதுவிதிக்கு அடங்காத ஓர் இடம் உண்டு. அதுதான் பொட்சுவானாவின் ஒக்கவாங்கோ. அங்கோலா நாட்டு மேட்டுநிலத்தில் பெய்யும் மழை, குபாங்கோ, குயிட்டோ என்னும் இரண்டு ஆறுகளாக இறங்கி, ஒன்றுகூடி, நமீபியாவின் ஒடுங்கிய நிலப்பட்டையைக் கடந்து, மொகெம்போ அருகே பொட்சுவானாவுக்குள் நுழைகிறது. அங்கிருந்து சிறிது தொலைவு வரை கைபோல் நீண்டு செல்லும் ஆறு, பிறகு விரித்த உள்ளங்கையாகக் கலஹாரி மணலில் பரவிவிடுகிறது. கடலைச் சேராத ஆறு அது. நிலத்தின் சரிவு மிகமிகக் குறைவு என்பதால் வெள்ளம் நடைபயில்வதுபோல் நகர்ந்து, தென்கோடியிலுள்ள மவுன் நகரை எட்டுவதற்குள் ஜூலை வந்துவிடுகிறது. உள்ளூர் வானத்தில் ஒரு மேகமும் இல்லாத, சுற்றியுள்ள நிலமெல்லாம் காய்ந்து கிடக்கும் காலத்தில்தான் இந்த மணற்பரப்பு நீரால் நிறைகிறது. 2014-ல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தபோது, அந்தப் பட்டியலில் இது 1000-ஆவது இடமாக அமைந்தது.

உள்ளே வரும் நீரில் மிகப் பெரும்பகுதி ஆவியாகவும் செடிகொடிகளின் வழியாகவும் வானத்துக்கே போய்விடுகிறது. அப்படியானால் நீர் கொண்டுவரும் உப்பு தேங்கி, அந்த இடமே உவர்நிலமாகியிருக்க வேண்டுமே என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு விடை தீவுகளில் இருக்கிறது. கரையான் புற்று ஒன்று வெள்ளத்துக்கு மேல் தலைநீட்டி நிற்க, அதன்மீது பறவைகள் விதைகளை இட்டுச்செல்ல, மரங்கள் முளைத்து, புற்றைச் சுற்றி மண் சேர்ந்து பல தீவுகள் உருவாகியிருக்கின்றன. கரையோர மரங்கள் நிலத்தடி நீரை உறிஞ்சும்போது உப்பு தீவின் நடுப்பகுதிக்கு அடியில் தங்கிவிடுகிறது. பெரிய தீவுகளின் நடுவே வெள்ளை பூத்து, மரமற்றுக் கிடக்கும் திட்டுகள் இப்படி வந்தவையே. சுற்றியுள்ள நீர் நன்னீராகவே இருக்கிறது. நீர்யானைகள் நாள்தோறும் போய்வருவதால் கோரைக்கும் நாணலுக்கும் நடுவே வாய்க்கால்கள் தூர்ந்துவிடாமல் இருக்கின்றன. கரையானும் நீர்யானையும் சேர்ந்து வடிவமைத்த நிலம் என்று அதைச் சொல்லலாம். ஆனால் சிறுத்தை எங்கே என்று அவசரப்படுத்தும் பயணிகளிடம் இதையெல்லாம் சொல்ல வழிகாட்டிக்கு நேரம் கிடைப்பதில்லை.

மொக்கோரோ என்னும் ஓடத்தில் போவது அங்கே எல்லோரும் விரும்புவது. முன்பு மரத்தைக் குடைந்து செய்தார்கள். மரங்களைக் காப்பதற்காக இப்போது கண்ணாடியிழை ஓடங்கள் பெருகிவிட்டன. ஓடக்காரர் பின்புறம் நின்று நீண்ட கோலை ஊன்றித் தள்ளுவார். நாம் நீர்மட்டத்தில் உட்கார்ந்திருப்பதால் தொலைவில் உள்ள எதுவும் தெரியாது. தண்டில் ஒட்டிய தவளை, அல்லி இலைமேல் நடக்கும் இலைக்கோழி, நீரைக் கிழித்துத் தாவும் லெச்வே மான் ஆகியவற்றுக்காகவே அதில் ஏற வேண்டும். பெரிய விலங்குகளை விரும்புகிறவர்கள் வண்டி போகக்கூடிய மொரேமி காப்பகத்துக்குச் செல்வது நல்லது. 1963-ல், நாடு விடுதலை பெறுவதற்கு முன்பே, வேட்டையால் விலங்குகள் அழிவதைக் கண்ட படவானா மக்கள் தங்கள் சொந்த நிலத்தை ஒதுக்கி உருவாக்கிய காப்பகம் அது. பொட்சுவானா அரசு குறைந்த பயணிகள், உயர்ந்த கட்டணம் என்ற கொள்கையை நெடுங்காலமாகக் கடைப்பிடித்து வருவதால், அங்கே செலவு நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டுவதாக இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அப்படிப்பட்டவர்களுக்குத் தென்னாப்பிரிக்காவின் குரூகர் பூங்கா உண்டு. வாடகைக் கார் எடுத்துத் தாமே ஓட்டிக்கொண்டு போகலாம். இங்கே நாம் இறைத்து ஊற்றிய தண்ணீரின் கதைக்கு வருகிறோம். பூங்காவின் மேற்கெல்லையில் வேலி எழுந்தபோது, பருவத்துக்கேற்ப வெளியே போய்வந்த விலங்குகளின் வழி அடைபட்டது. அதற்கு ஈடாக ஆழ்துளைக் கிணறுகளும் அணைகளும் நூற்றுக்கணக்கில் அமைக்கப்பட்டன. நல்லெண்ணத்தில் செய்த காரியம்தான். ஆனால் இயல்பாகவே வறண்டிருந்த வடக்குச் சமவெளியில் நீர் கிடைத்ததும் வரிக்குதிரைகள் அங்கே குவிந்தன. அவற்றைத் தொடர்ந்து சிங்கங்கள் வந்தன. அதுவரை அந்த வறட்சியின் பாதுகாப்பில் வாழ்ந்த ரோன் என்னும் அரிய இரலைமான், 1986-ல் சுமார் 450 இருந்தது, 1993-க்குள் 45 அளவுக்குச் சரிந்தது. அதன்பின் பூங்கா நிர்வாகம் பல கிணறுகளை மூடியது. சாலையோரத்தில் வறண்டு கிடக்கும் பழைய தொட்டியைக் கண்டு, பராமரிப்பு போதாது என்று குறைசொல்பவர்கள் இதை அறிந்திருக்க மாட்டார்கள்.

ஜிம்பாப்வேயின் ஹ்வாங்கே பூங்காவில் நிலைமை நேர்மாறானது. வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத அந்தப் பெரும்பரப்பில் 1930-களிலிருந்தே நிலத்தடி நீரை இறைத்து ஊற்றி வருகிறார்கள். அந்த நீரை நம்பியே யானைகள் பல்லாயிரமாகப் பெருகிவிட்டன. 2019-ஆம் ஆண்டு வறட்சியில் ஜிம்பாப்வேயில் 200-க்கும் மேற்பட்ட யானைகள் மடிந்தன. பம்புகளை ஓட்டும் செலவில் ஒரு பங்கைச் சுற்றுலா விடுதிகளும் தன்னார்வலர்களும் ஏற்றிருக்கிறார்கள். குரூகரில் சரியாக இருந்த முடிவை இங்கே எடுத்தால் அக்டோபரில் பிணங்களைத்தான் எண்ண வேண்டியிருக்கும். தண்ணீர் ஊற்றத் தொடங்குவது எளிது, நிறுத்துவது கடினம் என்பது என் கருத்து.

வேலியைப் பற்றி இன்னொரு செய்தி. ஒக்கவாங்கோவுக்கும் மக்காடிகாடி உப்புச் சமவெளிக்கும் நடுவே, கால்நடை நோய் பரவாமல் தடுக்க 1968-ல் வேலி ஒன்று போட்டார்கள். அது 2004-ல் அகற்றப்பட்ட சில ஆண்டுகளுக்குள் வரிக்குதிரைகள் மழையோடு மக்காடிகாடிக்குப் போய், வறட்சியில் ஒக்கவாங்கோவுக்குத் திரும்புவதை, அவற்றின் கழுத்தில் கட்டிய இடங்காட்டும் கருவிகள் காட்டின. போகவர 500 கிலோமீட்டருக்கு மேல். வேலி நின்றது 36 ஆண்டுகள். எந்த வரிக்குதிரையும் காட்டில் அத்தனை காலம் வாழ்வதில்லை. ஆகவே அந்த வழியைத் தாய் கன்றுக்குக் காட்டித் தந்திருக்க முடியாது. இதைப் பார்க்க விரும்புகிறவர்கள் மழைக்காலத்தில், ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் மக்காடிகாடிக்குப் போக வேண்டும். வண்டி சேற்றில் சிக்கலாம். மலேரியா மருந்தை மருத்துவரிடம் கேட்டு உடன் எடுத்துச் செல்லுங்கள். விடுதிக் கட்டணம் ஜூலையைவிடக் குறைவாகவே இருக்கும்.