முதல் பட்டதாரிச் சான்றிதழோடு ஒரு படிவம் 6

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பதைக் குடிமக்களே தேடிப் போய்ச் செய்ய வேண்டுமா, உள்ளூர் அரசு அலுவலகம் கேட்டுச் செய்து தர வேண்டுமா என்பது தலைப்பு. அலுவலகமே கேட்க வேண்டும் என்பது எங்கள் அணி.

எதிரணி நண்பர், "செயலி இருக்கிறது, 1950 உதவி எண் இருக்கிறது, வாக்குச்சாவடியில் சிறப்பு முகாம் நடக்கிறது. அக்கறை உள்ளவர் சேர்ந்துகொள்வார்" என்றார். இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

போன ஜூனில் பக்கத்து வீட்டுப் பெண்ணோடு ஒரு இ-சேவை மையத்துக்குப் போனேன். பிளஸ் டூ முடித்திருந்தாள். வருமானம், சாதி, முதல் பட்டதாரி என்று மூன்று சான்றிதழுக்கு விண்ணப்பம். ஆதாரை ஸ்கேன் செய்தார்கள், ரேஷன் கார்டை ஸ்கேன் செய்தார்கள், போட்டோ ஏறியது, பிறந்த தேதி ஏறியது, வீட்டு முகவரி ஏறியது. வாக்காளர் பட்டியலில் புதிதாகப் பெயர் சேர்க்கும் படிவம் 6-க்கும் இதே போட்டோ, வயதுக்கு ஒரு சான்று, முகவரிக்கு ஒரு சான்றுதானே! "ஓட்டர் லிஸ்ட்டில் பெயர் சேர்க்கணுமாம்மா?" என்ற ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்கவில்லை.

அவளுக்கு 17 முடிந்திருந்தது. 2022-லிருந்து ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகள் நான்குமே தகுதி நாட்கள்; அந்த நாளில் 18 முடிந்திருந்தால் பட்டியலில் சேரலாம். 17 முடிந்தவர்கள் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். இது அவளுக்கும் தெரியவில்லை, அவள் அம்மாவுக்கும் தெரியவில்லை. தெரியாத ஒன்றில் அக்கறை எப்படி வரும்?

அந்தச் சான்றிதழ் விண்ணப்பம் வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் வழியாகத் தாசில்தார் அலுவலகத்துக்குப் போகிறது. பல இடங்களில் அந்தத் தாசில்தாரே உதவி வாக்காளர் பதிவு அலுவலர். ஒரே அலுவலகத்துக்கு ஒரு பிள்ளை ஏன் இரண்டு முறை மனு எழுத வேண்டும்?

கல்யாணமாகிப் போகும் பெண்களும் இப்படித்தான். என் தங்கை பிறந்த வீட்டு ரேஷன் கார்டில் பெயரை நீக்கி, புகுந்த வீட்டு கார்டில் சேர்க்க எத்தனை முறை நடந்தாள்! அப்போதே வாக்காளர் பட்டியலில் முகவரி மாற்றும் படிவம் 8-ஐயும் நீட்டியிருந்தால், ஓட்டு போடக் கைக்குழந்தையோடு இரண்டு பஸ் மாறி அம்மா ஊருக்கு வந்திருக்க மாட்டாள்.

வாடகை வீட்டில் குடியிருப்பவர் பாடு இன்னும் மோசம். முகவரிக்கு வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினால், அது பதிவு செய்ததாக இருக்க வேண்டும். பதிவு வேண்டாம் என்றுதானே பதினொரு மாதத்துக்கு ஒப்பந்தம் போடுகிறார்கள்? கரண்ட் பில்லோ வீட்டு உரிமையாளர் பெயரில். அந்த வீட்டில் இவர் குடியிருப்பது ரேஷன் கடைக்குத் தெரியும், அங்கன்வாடிக்குத் தெரியும், பட்டியலுக்கு மட்டும் தெரியாது.

"கவுண்டரில் கேட்டால் போலிகள் நுழைந்துவிடும்" என்று பயமுறுத்தினார்கள். கேட்பது வேறு, சேர்ப்பது வேறு ஐயா. உறுதிமொழியில் விண்ணப்பதாரர்தான் கையெழுத்திடுகிறார். பொய் சொன்னால் 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 31-ஆவது பிரிவில் ஓராண்டு வரை சிறை உண்டு. வாக்குச்சாவடி நிலை அலுவலர் வந்து பார்ப்பதும், ஆட்சேபம் சொல்ல அவகாசம் தருவதும் அப்படியேதான் இருக்கும். விருப்பமில்லாதவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். அமெரிக்காவில் 1993-இலேயே சட்டம் போட்டு, ஓட்டுநர் உரிமம் வாங்க வருபவரிடம் பல மாநிலங்களில் இதைக் கேட்கிறார்கள்.

இன்னொன்று. அந்த நிலை அலுவலர் யார்? பெரும்பாலும் அங்கன்வாடி ஊழியர், பள்ளி ஆசிரியர். தன் வேலை முடிந்த பிறகு படியேறி வீடு வீடாக வருகிறவர். பாதி விண்ணப்பம் கவுண்டரிலேயே சரியாகப் பூர்த்தியாகி வந்தால், அவர் கால்வலியும் பாதி குறையும்.

அன்று சாயங்காலம் அந்தப் பெண்ணுக்கு நானே செயலியில் பதிந்து கொடுத்தேன். மையத்தில் அவளுக்குப் பின்னால் வரிசையில் பதினொரு பிள்ளைகள், அதே மார்க் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். அவர்களிடம் யார் கேட்டிருப்பார்கள், நடுவர் அவர்களே?