கதவுக்கு உள்ளே ஒருத்தி

வானொலி நேயர்களுக்கு வணக்கம். மகளிர் நேரத்தில் என் தலைப்பிரசவத்தைப் பற்றிப் பேச முடியுமா என்று கேட்டபோது இரண்டு நாள் யோசித்தேன். நான் மருத்துவர் இல்லை, பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறவள். ஆனால் 37 மணி நேரம் வலியோடு கிடந்து ஒரு பெண் குழந்தையைப் பெற்றேன். அந்த நேரத்தில் எது தாங்கக்கூடியதாக இருந்தது, எது தாங்க முடியாததாக இருந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு ஒன்பதரை மணிக்கு வலி ஆரம்பித்தது. அடிவயிறு இறுகியது, விட்டது. அம்மா சூட்டு வலியாக இருக்கும் என்று சீரகக் கஷாயம் வைத்துக் கொடுத்தார். சூட்டு வலியாக இருந்தால் அதிலேயே அடங்கிவிடும். என்னுடையது அடங்கவில்லை. இருபது நிமிடத்துக்கு ஒரு தரம், பிறகு பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் என்று வந்தது. விடியற்காலை ஐந்து மணிக்கு ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தோம். அது ஒரு தனியார் மருத்துவமனை. பெயர் வேண்டாம், யாரையும் குற்றம் சொல்வதற்காக நான் இங்கே உட்காரவில்லை.

பரிசோதித்துவிட்டு, கருப்பை வாய் இரண்டு செண்டிமீட்டர்தான் திறந்திருக்கிறது, நடங்கள் என்றார்கள். பத்து செண்டிமீட்டர் திறந்தால்தான் குழந்தை வெளியே வரும். நடந்தேன். நானும் அம்மாவும் அந்த வராந்தாவில் எத்தனை முறை போய் வந்திருப்போம் என்று தெரியாது. வலி வரும்போது அம்மாவின் தோளைப் பிடித்துக்கொள்வேன். விட்டதும் நடப்போம். மதியம் இரண்டு மணிக்கு மூன்று செண்டிமீட்டர். மாலை ஆறு மணிக்குப் பனிக்குடம் உடைந்தது. அப்போது நான்கு.

அதுவரைக்கும் இருபது மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஆனாலும் நான் பயப்படவில்லை. வலி இருந்தது, பக்கத்தில் அம்மா இருந்தார்.

பனிக்குடம் உடைந்ததும் என்னைப் பிரசவ அறைக்குள் அழைத்துப் போனார்கள். அம்மா கூடவே வந்தார். "நீங்க வெளியில இருங்கம்மா, கூப்பிடுறோம்" என்று கதவைச் சாத்திவிட்டார்கள். அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் நான் தனியாகக் கழித்தது பத்தரை மணி நேரம்.

மல்லாந்து படுக்கச் சொன்னார்கள். தண்ணீர் கேட்டேன், கூடாது என்றார்கள். அவ்வப்போது யாராவது வருவார்கள், கையுறை போட்டுப் பரிசோதிப்பார்கள், தமக்குள் ஏதோ சொல்லிக்கொண்டு போய்விடுவார்கள். இரவு பத்து மணிக்கு ஐந்து செண்டிமீட்டர் என்று ஒருவர் இன்னொருவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. நடு இரவுக்கு மேல் வலி அதிகமாவதற்கு டிரிப்ஸ் ஏற்றினார்கள். அதற்குப் பிறகு வந்த வலிக்கு இடைவெளியே இல்லை. வயிற்றைவிட முதுகில்தான் உயிர் போனது. தண்டுவடத்தின் அடியில் யாரோ கடப்பாரையை வைத்து நெம்புவது போல இருந்தது. குறுக்கு வலி என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அது. ஏன் முதுகு இப்படி வலிக்கிறது என்று கேட்டேன். "பிரசவம்னா வலிக்காமயா இருக்கும்? உனக்கு வலி எடுக்கவே தெரியலம்மா, அதான் இவ்வளவு நேரமாகுது" என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தச் சொல் எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. எல்லாப் பெண்களாலும் முடிகிறது, என் உடம்புக்குத்தான் தெரியவில்லை என்று நம்ப ஆரம்பித்தேன். மூன்று மணிக்கு மேல் எனக்கு அழக்கூடத் தெம்பில்லை.

திருச்சி மலைக்கோட்டைத் தாயுமானவர் கதையைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். நிறைமாதக் கர்ப்பிணி ரத்தினாவதி. அவளுடைய தாய் பூம்புகாரிலிருந்து புறப்பட்டு வரும்போது காவிரியில் வெள்ளம். அக்கரையில் தாய் நிற்கிறாள், இக்கரையில் மகளுக்கு வலி கண்டுவிட்டது. அவள் கதறியதைக் கேட்ட சிவபெருமான் அந்தத் தாயின் உருவத்திலேயே வந்து பிரசவம் பார்த்தார். வெள்ளம் வடிந்து உண்மையான தாய் வந்து நின்றபோதுதான் விஷயம் தெரிந்தது. சுகப்பிரசவம் ஆனால் வாழைத்தார் வாங்கி வைக்கிறோம் என்று இன்றைக்கும் அங்கே வேண்டிக்கொள்கிறார்கள். அந்த மேஜையில் கிடந்தபோது எனக்கு அந்தக் கதைதான் ஓடியது. ஒரு பெண் வலியில் கூப்பிட்டால் கடவுளே ஆனாலும் என்னவாக வர வேண்டும் என்று அந்தக் கதையைக் கட்டியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கும் என் அம்மாவுக்கும் நடுவில் காவிரி இல்லை, ஒரு கதவு.

நாலரை மணிக்கு வேறொரு நர்ஸம்மா வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். வந்ததும் என் தலையைத் தொட்டு, "கூட யாரு வந்திருக்கா?" என்று கேட்டார். அம்மா என்றேன். போய்க் கதவைத் திறந்து அம்மாவை உள்ளே கூப்பிட்டுவிட்டார். அவ்வளவுதான் அவர் செய்தது. அந்த மனுஷிக்கு நான் ஆயுள் முழுக்கக் கடன்பட்டிருக்கிறேன்.

வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு எனக்கு விளக்கமும் சொன்னார். குழந்தையின் தலை கீழேதான் இருக்கிறது. ஆனால் முகம் என் முதுகுப் பக்கம் திரும்பியிருப்பதற்குப் பதிலாக வயிற்றுப் பக்கம் பார்த்திருக்கிறது. தலையின் பின்பக்கம் முதுகெலும்பை அழுத்துவதால்தான் இந்தக் குறுக்கு வலி. குழந்தை இப்படி இருந்தால் நேரம் பிடிக்கும், பெரும்பாலும் தானாகவே திரும்பிக்கொள்ளும். அப்புறம் ஒரு தாளைக் கொண்டுவந்து காட்டினார். கிராப் தாள்! பிரசவம் எப்படிப் போகிறது என்று மணிக்கணக்காகக் குறித்து வைக்கும் தாள். கருப்பை வாயின் திறப்பு, குழந்தையின் இதயத்துடிப்பு, என் நாடி எல்லாம் அதில் இருந்தன. "துடிப்பு 140, நல்லா இருக்கு. இந்தக் கோடு மெதுவா ஏறுது, ஆனா நிக்காம ஏறுது பாரு" என்றார். வருஷா வருஷம் பிள்ளைகளுக்கு வரைபடம் நடத்துகிற எனக்கு, என் உடம்பின் வரைபடம் அங்கேயே இருந்தும் பத்தரை மணி நேரம் யாரும் காட்டவில்லை.

ஒருக்களித்துப் படுக்க வைத்தார். கொஞ்ச நேரம் கட்டில் தலைமாட்டைப் பிடித்து முன்னால் குனிந்து மண்டியிட வைத்தார். ஒவ்வொரு வலிக்கும் அம்மா இடுப்பின் அடியில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். நடுவில் ஸ்பூனில் தண்ணீர் கொடுத்தார். வலி குறைந்ததா என்றால், இல்லை. ஆனால் என்னால் முடியும் என்று ஆகிவிட்டது.

காலை எட்டு மணிக்கு முழுதாகத் திறந்தது. இரண்டரை மணி நேரம் முக்கினேன். கடைசியில் டாக்டரம்மா கிண்ணம் மாதிரியான வேக்குவம் கருவியைத் தலையில் பொருத்தி வெளியே எடுத்தார். பத்தரை மணி. குழந்தை உடனே அழவில்லை. பக்கத்து மேஜையில் துடைத்து, முதுகைத் தேய்த்தார்கள். அந்த அரை நிமிடத்தைப் பற்றி என்னால் இப்போதும் பேச முடியாது. பிறகு அழுதாள். 3 கிலோ 200 கிராம்.

பிற்பாடு நான் படித்தேன். 1955-ல் அமெரிக்க மருத்துவர் எமானுவேல் ஃப்ரீட்மேன் 500 தலைப்பிரசவங்களைக் கணக்கெடுத்து ஒரு வளைகோடு வரைந்தார். அந்த வழியில் வந்ததுதான் மணிக்கு ஒரு செண்டிமீட்டர் திறக்க வேண்டும் என்ற கணக்கு. உலக சுகாதார நிறுவனம் 2018-ல் அதை மாற்றிச் சொன்னது. பல பெண்களுக்கு அந்த வேகம் பொருந்தாது. தீவிரமான கட்டம் தொடங்குவதே ஐந்து செண்டிமீட்டரில்தான், அதற்கு முன்னால் இவ்வளவு நேரம்தான் என்று கெடு கிடையாது. ஐந்திலிருந்து பத்து வரை தலைப்பிரசவத்தில் பெரும்பாலும் 12 மணி நேரத்தைத் தாண்டாது, முக்குவது பொதுவாக மூன்று மணி நேரத்துக்குள் முடியும். என் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். இரவு பத்திலிருந்து காலை எட்டு, பத்து மணி நேரம். அப்புறம் இரண்டரை. என் உடம்புக்குத் தெரியாமல் போகவில்லை. அந்த இரவில் இதை ஒருவர் சொல்லியிருந்தால் போதும்.

நீண்ட பிரசவம் எல்லாமே பாதுகாப்பானது என்று நான் சொல்லவில்லை. துடிப்பு மாறினாலோ, காய்ச்சலோ அதிக ரத்தப்போக்கோ வந்தாலோ, திறப்பு நின்றுபோனாலோ சிசேரியன் உயிர் காக்கும். அப்படிப் பெற்றவள் எதிலும் குறைந்தவள் இல்லை.

பிரசவத்தில் கூடவே ஒரு துணை இருப்பது பற்றி 17 நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த 26 ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் வெளியிட்டிருக்கிறார்கள். துணை இருந்தவர்களுக்கு வலி நேரம் குறைந்தது, சுகப்பிரசவம் கூடியது, சிசேரியன் குறைந்தது. நம் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பெண் துணையை உள்ளே விடும் திட்டம் வந்து வெகுநாளாகிறது. மத்திய அரசும் 2016-ல் அரசு மருத்துவமனைகளுக்கு இதையே வழிகாட்டுதலாகத் தந்தது. ஏற்கெனவே பிள்ளை பெற்ற பெண்ணாக இருந்தால் நல்லது, தொற்று நோய் இருக்கக்கூடாது, கடைசிவரை கூட இருக்க வேண்டும் என்பது போன்ற சில நிபந்தனைகள்தான். பெரிய செலவில்லாத வைத்தியம் இது. தனியார் இடங்களில் நாம்தான் கேட்க வேண்டும், அதுவும் வலி எடுத்த பிறகு கேட்டால் நடக்காது. ஏழாம் மாதமே கேட்டுவிடுங்கள்.

குழந்தை பிறந்து இரண்டு மாதம்வரை வீட்டில் கதவு சாத்தும் சத்தம் கேட்டால் எனக்கு வியர்த்துவிடும். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் பிள்ளையைப் பார்த்தார்கள். தடுப்பூசி விஷயமாக வந்த கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர்தான், "நீ எப்படிம்மா இருக்க?" என்று கேட்டார். அன்றைக்குத்தான் உடைந்து அழுதேன். அந்தக் கேள்விக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சரியானேன்.

என் தங்கைக்கு இப்போது எட்டாம் மாதம். போன வாரம் பரிசோதனைக்குப் போனபோது, உள்ளே யாரை விடுவீர்கள் என்று கேட்டோம். ஒரு பெண் வரலாம் என்றார்கள். தங்கை என் கையைப் பிடித்து, "அக்கா வரட்டும்" என்றாள். அம்மாவின் முகம் கொஞ்சம் வாடியது. வீட்டுக்கு வந்ததும் உள்ளே போய், சுகப்பிரசவத்துக்காகத் திருக்கருகாவூர் அம்மன் கோயிலிலிருந்து வாங்கிவைத்திருந்த விளக்கெண்ணெய்ப் பிரசாத பாட்டிலை எடுத்துவந்து என் பையில் வைத்தார். பிறகு என் கையைத் திருப்பி, இடுப்பில் எந்த இடத்தில் அழுத்த வேண்டும் என்று காட்டிக்கொடுத்தார்.

வணக்கம்.