கட்டியங்காரன் விடியும்வரை இருப்பான்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமை மாலையை எங்களுக்குக் கொடுத்துவிட்டு இந்தக் குடியிருப்பு மண்டபத்தில் வந்து உட்கார்ந்திருக்கும் பெங்களூருத் தமிழ் மக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

இன்றைய தலைப்பு, 'ராக் குழுவுக்கு நகைச்சுவை வளர்ச்சியா, தடையா?' ஆளுக்கொரு குழுவைச் சொல்லிக் குழப்ப வேண்டாம், ஒரே குழுவை வைத்துப் பேசுவோம் என்று இரண்டு அணியும் ஒப்புக்கொண்டோம். அமெரிக்காவின் 'தே மைட் பி ஜயன்ட்ஸ்'. 'அவர்கள் அரக்கர்களாகவும் இருக்கலாம்' என்று பொருள். பழைய ஸ்பானிய நாவலில் காற்றாலைகளை அரக்கர்கள் என்று நினைத்து ஈட்டியோடு பாய்ந்தாரே டான் கிஹோட்டே, அந்தக் கதையைத் தொட்டு வந்த பெயர். நான் வளர்ச்சி அணி.

எதிரணித் தலைவர் அண்ணன் என்ன சொன்னார்? "2007-ல் அயர்ன் மெய்டன் ராக் குழு நம் பேலஸ் கிரவுண்ட்ஸ் மைதானத்தில் பாடியது. 2011-ல் மெட்டாலிகா பாடியது. ஜனம் அலைமோதியது. சிரிப்புக் காட்டுகிறவனுக்கு அந்தக் கூட்டம் வருமா? பபூனைப் பார்க்க யாராவது டிக்கெட் எடுப்பார்களா?" என்றார். நல்ல கைதட்டலும் வாங்கினார். அந்தப் பபூனிலிருந்தே தொடங்குகிறேன்.

என் அம்மாவுக்குச் செய்யாறு பக்கம் ஒரு கிராமம். ஆடி மாதம் திரௌபதி அம்மன் கோயிலில் கூத்து கட்டுவார்கள். முதலில் வருபவன் கட்டியங்காரன். துரியோதனன் திரைக்குப் பின்னால் சலங்கையை உதறிக்கொண்டு நிற்பான். இவன் வெளியே நின்று, 'யாருய்யா அது, உள்ளே இத்தனை சத்தம்?' என்று கேட்பான். ராஜாவைக் கேலி செய்வான், ஊர்த் தலைவரைக் கேலி செய்வான், எண்ணெய் தீர்ந்துபோன விளக்கைக் கேலி செய்வான். சின்ன வயதில் எனக்கும் அவன் வெறும் கோமாளிதான். என் தாய்மாமாதான் ஒரு ராத்திரி சொன்னார்: "பாப்பா, அந்த வேஷத்தை வாத்தியார் எல்லோருக்கும் கொடுக்கமாட்டார். யாருக்காவது அடி மறந்துபோனால் எடுத்துக் கொடுக்கணும், வேஷக்காரன் வரத் தாமதமானால் கூட்டத்தைப் பிடித்து வைக்கணும். எல்லோருடைய பாட்டும் அவனுக்குத் தெரியணும்." ராஜாக்கள் வருவார்கள், போவார்கள். கட்டியங்காரன் விடியும்வரை சபையில் இருப்பான்.

இந்தக் குழுவின் கதையும் அப்படித்தான் என்கிறேன். 

ஜான் ஃபிளான்ஸ்பர்க், ஜான் லினல். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரே பள்ளியில் படித்தவர்கள். 1981-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரே கட்டடத்துக்குக் குடிவந்து, அடுத்த ஆண்டு குழு தொடங்கினார்கள். ஒருவர் கையில் கிட்டார், இன்னொருவர் தோளில் அக்கார்டியன். டிரம்ஸ் அடிக்க ஆள் கிடையாது. ஒலிநாடாவில் பதிந்து வைத்த தாளத்தை ஓடவிட்டுப் பாடினார்கள். ராக் மேடையில் அக்கார்டியனைக் கண்டால் அப்போது யாருக்கும் சிரிப்புதான் வரும். 

அப்புறம் இரண்டு கஷ்டங்கள் வந்தன. ஃபிளான்ஸ்பர்க் வீட்டில் திருட்டு. லினல் சைக்கிளிலிருந்து விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். கச்சேரி செய்ய வழியில்லை. வேறு யாராக இருந்தாலும் மூட்டை கட்டியிருப்பார்கள். இவர்கள் ஒரு வேலை செய்தார்கள். ஆள் இல்லாதபோது போனை எடுத்துப் பதிவு செய்த குரலை ஒலிக்கும் எந்திரம் ஒன்று இருக்குமே, அதில் தங்கள் பாட்டைப் பதிந்து வைத்தார்கள். பத்திரிகையில் சின்ன விளம்பரம் கொடுத்தார்கள். எண்ணைச் சுழற்றினால் பாட்டு கேட்கும். 'டயல் எ சாங்' என்று பெயர். தனிக் கட்டணம் கிடையாது, சாதாரணத் தொலைபேசிக் கட்டணம்தான். அதையும் மிச்சம் பிடிக்க வழி சொன்னார்கள்: 'ஆபீசிலிருந்து கூப்பிட்டால் இலவசம்!'

மக்களே, இது 1980-கள். நம் ஊரில் போன் இணைப்புக்கு மனுப் போட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம். இணையம் வீடுகளுக்கு வரவில்லை. அந்த நாளில், கடையும் வானொலியும் நடுவில் இல்லாமல் பாடுகிறவன் கேட்கிறவனுக்கு நேரடியாகப் பாட்டைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டான். ஒரு நேரத்தில் ஒருவர்தான் கேட்க முடியும்; அடுத்தவருக்கு 'பிஸி' ஒலிதான். ஓடி ஓடி எந்திரம் பழுதாகும்; சரி செய்து மறுபடியும் வைப்பார்கள். இருபது ஆண்டுக்கு மேல் இதை விடாமல் செய்து நூற்றுக்கணக்கான பாட்டுகளை அதில் ஏற்றினார்கள். தன்னைப் பெரிய நட்சத்திரமாக நினைக்கும் கலைஞன் தன் பாட்டை அந்த எந்திரத்துக்குக் கொடுப்பானா? 'எங்கள் கலைக்கு ஒரு கம்பீரம் இருக்கிறது' என்று காத்திருந்திருப்பான். இவர்களுக்கு அந்தக் காத்திருப்பு தேவைப்படவில்லை. அதைத்தான் நான் வளர்ச்சி என்கிறேன்.

அடுத்துப் பேசிய தம்பி ஒரு நல்ல கேள்வி கேட்டார். "1990-ல் ஒரு பாட்டு ஓடியது. ஒரு ஜோக்கை எத்தனை முறை கேட்டுச் சிரிக்க முடியும்?" என்றார். தம்பி, அந்தப் பாட்டு எது என்று நீங்கள் சொல்லாமல் போய்விட்டீர்கள், நான் சொல்கிறேன். 'ஃப்ளட்' என்ற ஆல்பத்தில் வந்த 'பேர்ட்ஹவுஸ் இன் யுவர் சோல்'. பிரிட்டனின் தரவரிசையில் ஆறாம் இடம்வரை போனது. அந்தப் பாட்டைப் பாடுவது யார் தெரியுமா? குழந்தைகள் அறையில் ராத்திரி எரியும் சின்ன விளக்கு. பறவை வடிவத்தில் ஒரு நீல விளக்கு. எதிர்ச் சுவரில் கலங்கரை விளக்கத்தின் படம் மாட்டியிருக்கிறது. 'அவர்தான் என் மூதாதை, கப்பல்களைக் காப்பாற்றியவர். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்த வேலையை என்னிடம் கொடுத்தால் கப்பலை மூழ்கடித்து வேலையை இழந்துவிடுவேன்' என்கிறது அந்த விளக்கு.

என் மகளுக்கு இருட்டு என்றால் பயம். மழைக்காலத்தில் எங்கள் தெருவில் மின்சாரம் போனால் அழுவாள். அவளுக்கு இந்தப் பாட்டின் பொருளைத் தமிழில் சொன்னேன். அவள் விளக்கைப் பார்த்து, 'உங்க தாத்தா கடலில் இருக்காரா?' என்று கேட்டாள். அன்றிலிருந்து அந்தப் பிளாஸ்டிக் விளக்குக்கு எங்கள் வீட்டில் 'சின்னவர்' என்று பெயர். இரண்டு வருடமாக அந்தப் பாட்டு வாரம் நாலு நாள் எங்கள் வீட்டில் ஓடுகிறது, எனக்கு இன்னும் சலிக்கவில்லை. தன் சிறுமையைத் தானே தெரிந்துகொண்டு, ஆனாலும் விடியும்வரை உன்னோடு இருக்கிறேன் என்று ஒரு விளக்கு சொல்வது வெறும் ஜோக் இல்லை, தம்பி. தாலாட்டு.

அதே ஆல்பத்தில் இன்னொரு பாட்டு. விருந்துக்குப் போன இடத்தில் ஒருவன் இனவெறி பேசுகிறான். பாடுகிறவன் அவனோடு மல்லுக்கட்டவில்லை. அவனை நண்பனாக வைத்திருப்பவரிடம்தான், 'உன்னோடும் உன் இனவெறி நண்பனோடும் இனி நின்று பேச முடியாது' என்கிறான். நம்மில் எத்தனை பேர் ஆபீஸ் விருந்தில், கல்யாண வீட்டில், 'அவர் அப்படித்தான், விடுங்க' என்று தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறோம்! நானும் நின்றிருக்கிறேன், அது இன்றும் உறுத்துகிறது. அந்தப் பாட்டு மேடையில் நின்று முழங்கியிருந்தால் காதைப் பொத்தியிருப்பேன். துள்ளல் மெட்டில் வந்ததால் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. 

இது நமக்குப் புதிதும் இல்லை. சங்கீத மும்மூர்த்திகளுக்கும் முன்னால் இருந்த பாபவிநாச முதலியார், நடராஜரைப் பார்த்து, 'ஊரெல்லாம் ஆடித் திரிந்த உமக்கு இடதுகால் இப்படி ஆனது ஏன்?' என்று காம்போதியில் கேட்டார். நிந்தாஸ்துதி, அதாவது திட்டுவதுபோலப் புகழ்வது. சபாக்களில் அதைக் கண்ணில் நீர்வரப் பாடுகிறார்கள். கேலி செய்ததால் பக்தி குறைந்துவிட்டது என்று யாரும் சொன்னதில்லை.

இனி எதிரணி அக்கா. அக்கா சொன்னதுதான் என்னைக் கொஞ்சம் வருத்தியது. "கடைசியில் குழந்தைகளுக்கு ஏ பி சி டி பாட வந்துவிட்டார்கள். ராக் குழுவுக்கு இது இறக்கம் இல்லையா?" என்றார்.

அக்கா, 1996-க்குப் பிறகு, இவர்களின் ஆல்பங்களை வெளியிட்டுவந்த பெரிய இசைநிறுவனத்தோடு இவர்களுக்கு இருந்த உறவு முடிந்துவிட்டது. எத்தனையோ குழுக்கள் அந்த இடத்தில்தான் காணாமல் போயின. இவர்கள் 1999-ல் ஒரு முழு ஆல்பத்தையும் இணையத்தில் மட்டும் எம்பி3-யாக வெளியிட்டார்கள். அப்போது ஐபாட்டே பிறக்கவில்லை. 2000-ல் தொடங்கிய 'மால்கம் இன் த மிடில்' தொலைக்காட்சித் தொடருக்கு இவர்கள் செய்த முகப்புப் பாட்டு 2002-ல் கிராமி வாங்கியது. 2009-ல் இன்னொரு கிராமி, அக்கா இறக்கம் என்று சொன்ன அதே குழந்தைப் பாட்டுக்கு. எண்களைச் சொல்லித்தரும் ஆல்பம் அது.

விருதை விடுங்கள், அது வரும் போகும். நான் சொல்ல நினைப்பது சூரியப் பாட்டை. 1959-ல் குழந்தைகளுக்காக ஒரு அறிவியல் பாட்டு வந்தது. சூரியன் என்பது எரிந்து ஒளிரும் வாயுப் பந்து என்று பாடும். இந்தக் குழு அதை எடுத்து 1993-ல் பாடியது, ரசிகர்களுக்கு மிகவும் பிடித்துப்போனது. 2009-ல் குழந்தைகளுக்கான அறிவியல் ஆல்பம் செய்தபோது அதை மறுபடி சேர்த்தார்கள். அதோடு நிற்கவில்லை. அடுத்த பாட்டாக, 'முன்பு பாடியது சரியில்லை. சூரியன் வெறும் வாயு இல்லை, பிளாஸ்மா' என்று ஒரு திருத்தப் பாட்டையும் பாடினார்கள். பிளாஸ்மா என்றால், கடும் சூட்டில் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிந்துபோன நிலை. தவறு, திருத்தம், இரண்டும் ஒரே ஆல்பத்தில் அடுத்தடுத்து!

நான் பன்னிரண்டு ஆண்டாக அறிவியல் ஆசிரியை. குழந்தைகள் முன்னால் 'போன வாரம் நான் சொன்னது தப்பு' என்று சொல்வது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். கம்பீரமான குழு இதைச் செய்யாது, கம்பீரம் குறைந்துவிடும் என்று பயப்படும். சிரிக்கத் தெரிந்தவர்கள் செய்தார்கள். அந்த இரண்டு பாட்டையும் ஆறாம் வகுப்பில் போட்டுக் காட்டினேன். வாயுவுக்கும் பிளாஸ்மாவுக்கும் உள்ள வேறுபாட்டை அந்தப் பிள்ளைகள் இனி மறக்கமாட்டார்கள். இதை இறக்கம் என்றால், அக்கா, நான் எப்படி ஒப்புக்கொள்வேன்?

சரி, பேலஸ் கிரவுண்ட்ஸுக்கு வருகிறேன். அந்தக் கூட்டம் இவர்களுக்கு வராது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு குழுவின் வாழ்வை மைதானத்தின் பரப்பை வைத்தா அளப்பது? நம் ஊரிலேயே பாருங்கள். 1996-ல் பெங்களூருவில் 'தெர்மல் அண்ட் எ குவார்ட்டர்' என்ற ராக் குழு தொடங்கியது. ஆரம்பத்தில் மூன்று மலையாளிகள், நாலாமவர் கால்வாசி மலையாளி. 'த்ரீ மல் அண்ட் எ குவார்ட்டர்' என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள், பெயர் வந்துவிடும். 2012-ல் அவர்கள் கொண்டுவந்த ஆல்பத்தின் தலைப்பிலேயே ஆட்டோவின் மூன்று சக்கரம் ஓடுகிறது. பெயரில் கேலி இருந்ததால் அவர்கள் வாசிப்பு எந்த விதத்தில் குறைந்தது? அவர்களைக் கேட்ட யாராவது இந்த மண்டபத்தில் இருந்தால் சொல்லட்டும்.

நேரம் குறைவு, நடுவர் பார்க்கிறார். கடைசியாக ஒன்றே ஒன்று.

திறமை இல்லாதவர்கள்தான் சிரிப்பைத் திரையாகப் பிடிப்பார்கள் என்று தலைவர் அண்ணன் முடித்தார். இந்த இரண்டு ஜான்களும் அறுபதைத் தாண்டிவிட்டார்கள். இன்றும் ஊர் ஊராகப் போகிறார்கள். இப்போது அவர்களோடு முழு வாத்தியக் குழுவும் உண்டு. சமீபத்திய கச்சேரிகளில் இடைவேளைக்கு முன் ஒரு பாட்டைப் பின்னாலிருந்து முன்னாக வாசிக்கிறார்கள். கடைசிச் சுரம் முதலில், முதல் சுரம் கடைசியில். சொற்களையும் தலைகீழாகவே பாடுகிறார்கள். அதைப் படம் பிடிக்கிறார்கள். கூட்டத்துக்கு ஒன்றும் புரியாது, ஏதோ வினோதமான இரைச்சல் என்று நினைக்கும். இடைவேளை முடிந்ததும் அந்தப் படத்தைத் திருப்பி ஓட்டிக் காட்டுகிறார்கள். திரையில் அவர்களின் கைகால் அசைவு விநோதமாக இருக்கும். பாட்டோ நேராக வரும். ஃப்ளட் ஆல்பத்துப் பாட்டு, ரசிகர்கள் முப்பது வருடமாக மனப்பாடமாக வைத்திருப்பது. கூட்டம் எழுந்து நின்று கூடவே பாடும்.

ஒரு சிரிப்புக்காக எத்தனை நாள் ஒத்திகை பார்த்திருப்பார்கள்! கட்டியங்காரனுக்கு எல்லோருடைய பாட்டும் தெரியணும் என்று என் மாமா சொன்னார். இவர்களுக்குத் தலைகீழாகவும் தெரியும்.

மணி அடித்துவிட்டது. வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.